வடகரை – 12: எண் உறைந்த நாள்

சென்ற வாரம் 1976-இல் நின்றோம். சென்னைப் பெருநகரின் முதல் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. குடியிருக்கும் இடத்துக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா என்று வரைபடத்தில் நிறங்கள் ஏறின. மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடிக்கொண்டிருந்தது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் மின்சாரம் தரத் தொடங்கியிருந்தது. திட்டம் வரைந்தவர்கள் வடக்கே புதிதாக எதையும் முடிவு செய்யவில்லை. ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த இடத்துக்குச் சட்டப்படி ஒரு நிறம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

நிறத்தோடு ஓர் எண்ணும் வந்தது. தளப்பரப்புக் குறியீடு. கட்டடக்காரர்கள் வாயில் அது எப்போதும் எஃப்எஸ்ஐ. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதற்கான கணக்கு. நகரில் சாதாரண வீட்டுக் கட்டடத்துக்குப் பழகிப்போன எண் 1.5. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில், எல்லாத் தளமும் சேர்த்து 3,600 சதுர அடி.

ராயபுரத்தில் அப்பாவின் அரைக் கிரவுண்டை மூன்று பிள்ளைகள் பங்கு போடுவதாக வைத்துக்கொள்வோம். 1,200 சதுர அடி மனை, 1,800 சதுர அடி கட்டடம், ஆளுக்கு 600. மாடிப்படியும் நடைவழியும் அதற்குள்தான். இந்த எண் 2 ஆனால் ஆளுக்கு 800. வடசென்னையில் இந்தச் சின்னத் தசமம் ஓர் அறை. கல்யாணமான தம்பி வீட்டோடு இருப்பானா, வாடகைக்குத் தண்டையார்பேட்டை தாண்டிப் போவானா என்பதை அந்த அறை முடிவு செய்யும்.

அந்த எண் ஒருநாள் உறைந்தது. கரையோரத்தில் மட்டும். ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்கு.

★

கோட்டையில் ஆட்சி இல்லாத நேரம்

கதை 1981-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 500 மீட்டர் வரை கடற்கரையில் எந்த நடவடிக்கையும் கூடாது என்பது அதன் சாரம். வேண்டுகோள்தான், சட்டம் இல்லை. மாநிலங்கள் படித்தன, கோப்பில் வைத்தன.

பத்தாண்டு போயிற்று. நடுவில், போபால் நச்சுவாயு விபத்து நடந்த பிறகு, 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்போது தில்லியின் கையில் அதிகாரம் இருந்தது.

1991 ஜனவரி 30. தமிழகத்தில் கருணாநிதி தலைமையிலான தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஆட்சி. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர் ஒருவரும் இல்லை.

இருபதாவது நாள், 1991 பிப்ரவரி 19, தில்லியிலிருந்து கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியானது. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை புதிய விதிகள். கழிமுகம், ஆறு, உப்பங்கழி என்று அலையேற்றம் எட்டும் நீர்நிலைகளின் கரைகளுக்கும் விதி உண்டு. சென்னைக்கு வடக்கே கொசஸ்தலையாறு கடலோடு சேரும் எண்ணூர் முகத்துவாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் மாநிலத்தின் பேச்சு முழுதும் ஆட்சிக் கலைப்பும் வரப்போகும் தேர்தலும்தான். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த தெருக்களில் அந்த அறிவிக்கையை அன்று யாரும் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதில் ஒரு சொல் அவர்களுக்காகவே காத்திருந்தது.

★

‘நடைமுறையில் உள்ள’

அறிவிக்கை கடற்கரையை வகை பிரித்தது. நகராட்சி எல்லைக்குள், கரை ஓரம் வரை ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்ட பகுதி இரண்டாம் வகை. ராயபுரமும் காசிமேடும் இதற்குள் வரும்.

இங்கே விதி இரண்டு. ஒன்று: ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ கடல்பக்கம் புதிதாகக் கட்டக் கூடாது. இரண்டு: நிலப்பக்கம் கட்டலாம், ஆனால் ‘நடைமுறையில் உள்ள’ நகரமைப்பு விதிகளுக்கும் ‘நடைமுறையில் உள்ள’ தளப்பரப்புக் குறியீட்டுக்கும் உட்பட்டு.

எந்த நாளில் நடைமுறையில் உள்ளது? விண்ணப்பம் போடும் நாளிலா, அறிவிக்கை வந்த நாளிலா?

அறிவிக்கை வந்த நாளில் என்பதே தில்லியின் நிலை. 2011 ஜனவரியில் பழைய அறிவிக்கைக்குப் பதிலாகப் புதியது வந்தபோது சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. மற்ற நகரமைப்பு விதிகள் காலத்துக்கு ஏற்ப மாறலாம். தளப்பரப்புக் குறியீடு மட்டும் 1991-இல் இருந்த அளவிலேயே நிற்கும் என்று எழுதிவிட்டார்கள்.

இந்த ஒரு நாள் என்ன செய்யும் என்பதை மும்பை முதலில் கண்டது. அந்த நகருக்கான புதிய வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தது 1991 மார்ச் 25. கடலோர அறிவிக்கையோ பிப்ரவரி 19. சுமார் ஐந்து வார வித்தியாசத்தில் மும்பையின் கடலோர மனைகள் 1967-ஆம் ஆண்டு விதிகளுக்குள் மாட்டிக்கொண்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிப்ரவரி 19 அன்று உயிரோடு இருந்தது 1967 விதிகளே என்று 2007-இல் தீர்ப்பு வந்தது.

சென்னையில் அப்படி ஒரு வழக்கு பெரிதாக வெடிக்கவில்லை. 1991-க்கு முன்னும் 1.5, பின்னும் 1.5. நகரமே நகராமல் நின்றதால் கரை உறைந்தது கண்ணில் படவில்லை.

மேற்கொண்டு பார்த்தால், வடகரையில் பலரை இந்த எண் தொடவே இல்லை. அறிவிக்கை பாதுகாத்தது ‘அனுமதி பெற்ற’ கட்டடத்தை. திருச்சினாங்குப்பம், பலகைத்தொட்டிக்குப்பம், நல்லதண்ணீர் ஓடைக்குப்பம் என்று எண்ணூர் போகும் கடற்கரைச் சாலையை ஒட்டி வரிசையாக இருக்கும் ஊர்களில் வீடு தலைமுறையாக உண்டு. கையில் பட்டாவும் பிளான் அப்ரூவலும் இல்லாதவர்களும் உண்டு. அவர்களுக்கு 1.5-உம் ஒன்றுதான், 2-உம் ஒன்றுதான். உறைவதற்குக்கூட அவர்களிடம் எண் இல்லை.

★

வீடு நின்றது, துறைமுகம் நடந்தது

மீனவர்கள் இந்த அறிவிக்கையை எதிர்த்தார்கள் என்று நினைத்தால் தவறு. தேசிய மீனவர் பேரவை போன்ற அமைப்புகள் அதைக் காப்பாற்றத்தான் போராடின. ஓட்டலும் கேளிக்கை விடுதியும் கரைக்கு வந்தால் வலை காயவைக்க மணல் இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். 1994-இல் தில்லி ஒரு திருத்தம் கொண்டுவந்து ஆற்றோர, கழியோரப் பாதுகாப்பை 100 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. 1996 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் குறைப்பை ரத்து செய்தது. மாநிலங்கள் கடலோர மேலாண்மைத் திட்டங்களை உடனே வரைந்து தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கடலோர மக்கள் அதை வெற்றியாகவே பார்த்தார்கள்.

ஆனால் அதே அறிவிக்கையில் ஒரு கதவு திறந்திருந்தது. கடல்முகம் இல்லாமல் நடத்த முடியாத தொழிலுக்கு, மத்திய அரசின் அனுமதியோடு, இடம் உண்டு. துறைமுகத்தின் இயக்கத்துக்கான கட்டுமானங்கள், அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கும் வசதி, குளிர்விக்கும் நீர் உள்ளே வரவும் வெளியே போகவும் வழி.

அந்தக் கதவு வழியே என்ன நடந்தது என்று பாருங்கள். 1990-களின் நடுவில் வடசென்னை அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 2001 பிப்ரவரியில் எண்ணூர் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் காமராஜர் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இன்னொன்று.

ஒவ்வொன்றுக்கும் அனுமதி இருந்தது. ஒவ்வொன்றும் வேலை கொண்டுவந்தது. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும். வீட்டுக்கான எண் மட்டும் 1991-லேயே நின்றது. தொழிலுக்கு மேலே வழி விட்டு, தொழிலாளியின் கூரைக்கு மேலே கோடு போட்டால், கூட்டம் எங்கே போகும்? பக்கவாட்டில்தான். கழியோரம், ரயில் பாதையோரம், சதுப்பு ஓரம்.

அடர்த்தி பற்றிய விவாதம் நம் ஊரில் வழிமாறுவது இங்கேதான். ‘எண்ணை உயர்த்தினால் கூட்டம் கூடும்’ என்று ஒரு தரப்பு சொல்லும். வடகரையில் எண்ணை உயர்த்தாமலே கூட்டம் கூடிற்று. விதிப்புத்தகம் சிமென்ட்டை அளக்கிறது, ஆட்களை அளக்கவில்லை. இருநூறு சதுர அடியில் ஏழு பேர் படுத்தாலும் அதன் கணக்கில் அது அடர்த்தி குறைந்த கட்டடம்.

★

கடலே கோட்டை நகர்த்தினால்

இன்னொரு சிக்கலைக் காகிதத்தில் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. 500 மீட்டர் எங்கிருந்து? உயர் அலைக் கோட்டிலிருந்து. அந்தக் கோடு வடசென்னையில் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

காரணம் பழையது. 1876 வாக்கில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் போடத் தொடங்கினார்கள். 1881-இல் புயல் உடைத்தும் விடாமல் கட்டினார்கள். நம் கரையோரம் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். சுவர் மறித்ததும் மணல் தெற்கே தங்கியது. மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் ஊருக்குள் வந்தது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. கரை நெடுக இன்று கருங்கல் குவியலும் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவும்தான்.

தெற்கே நகரம் மாலையில் காற்று வாங்கும் மணலும், வடக்கே வீடு இழந்தவரின் நிலமும் ஒரே கணக்குப் புத்தகத்தின் வரவும் செலவும்.

கடல் உள்ளே வர வர, கரையிலிருந்து தூரம் குறைந்தது. தாத்தா காலத்தில் கடலுக்கு எட்டத்தில் இருந்த வீடு, பேரன் காலத்தில் கரையோர வீடு. அவன் எங்கும் நகரவில்லை. விதியின் எல்லைதான் அவன் வாசலை நோக்கி வந்தது.

★

2004 டிசம்பர் 26

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை வந்த ஆழிப்பேரலையில் சென்னையில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வடக்கே காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பங்களில் படகும் வீடும் போயின.

நிவாரண முகாம்களுக்குப் பிறகு பெரிய கேள்வி எழுந்தது. திரும்ப அதே இடத்திலா? 2005 மார்ச் 30 அன்று தமிழக அரசு அரசாணை 172 வெளியிட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்களுக்கு விருப்பத் தேர்வு: அந்த எல்லையைத் தாண்டிப் போனால் அரசு புது வீடு தரும். போக மறுத்தால் அனுமதிக்கப்பட்ட அளவில் பழுது பார்த்துக்கொண்டு இருக்கலாம். வீட்டு உதவி கிடையாது.

காகிதத்தில் இது தேர்வு. கட்டுமரமும் ஃபைபர் படகும் கரையில் நிற்க, இரவில் காற்று மாறியதா என்று வாசலில் நின்று பார்க்க வேண்டிய தொழில்காரனுக்கு இதில் தேர்வு எவ்வளவு?

காசிமேடு, ராயபுரம் பக்கத்துக் குடும்பங்கள் பல, திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளுக்குப் போயின. தாழ்வான இடம். அங்கே ஒரு தீ விபத்து நடந்தது. அதே ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் கொட்டகைகள் தண்ணீரில் நின்றன. பிறகு எர்ணாவூரில் அகில இந்திய வானொலி நிலத்தில் குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டியது. நகரத்தின் வேறு மூலைகளில், தெற்கே கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும், ஏழைகளின் அடர்த்தி ஆயிரக்கணக்கில் கூட்டப்பட்டது.

பாருங்கள், அடர்த்தியைக் கூட்டவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வேலைக்கும் கடலுக்கும் எட்டாத இடத்தில் கூட்டலாம். வேலையும் கடலும் இருக்கும் இடத்தில் கூட்டக் கூடாது. எழுதப்படாத விதி இதுதான்.

★

17 நாட்கள்

2019 பிறந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் உறைந்திருந்த எண் இளகும் நேரம்.

ஜனவரி 18: தில்லி புதிய கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை அரசிதழில் வெளியிட்டது. 1991-ஆம் ஆண்டுப் பூட்டு எடுக்கப்பட்டது. இரண்டாம் வகைப் பகுதிகளில் இனி, இந்த அறிவிக்கை வெளியாகும் நாளில் நடைமுறையில் உள்ள தளப்பரப்புக் குறியீடு பொருந்தும். அதன் பிறகு எண்ணை மாற்ற வேண்டுமானால், மாநிலக் கடலோர மேலாண்மை ஆணையம் வழியாக மத்திய அமைச்சகத்தை அணுக வேண்டும்.

பிப்ரவரி 4: தமிழக அரசு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை வெளியிட்டது. மாநிலம் முழுமைக்கும் ஒரே விதிப்புத்தகம். அதில் உயரமில்லாத கட்டடங்களுக்கான குறியீடு 2. உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25. அகலச் சாலையில் கட்டணம் செலுத்தி இதற்கு மேலும் வாங்கலாம்.

இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் 17 நாட்கள். மும்பையில் 1991-இல் ஐந்து வாரம் செய்த வேலை நினைவுக்கு வருகிறதா?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயர்ந்த குறியீடு அகலச் சாலை கேட்கும். ஓஎம்ஆரில் சாலை இருக்கிறது. ராயபுரத்தின் பழைய தெருக்களில் வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கும். ஆட்டோ வந்தால் ஸ்கூட்டர் ஒதுங்கும். 3.25 என்ற எண் அந்தத் தெருக்களுக்குச் செய்தித்தாளில் மட்டும் வரும்.

★

அறிவாக்குளத்தில் ஒரு திங்கட்கிழமை

2021 டிசம்பர் 27. ஆழிப்பேரலையின் பதினேழாம் ஆண்டு நினைவு முந்தைய நாள்தான் முடிந்திருந்தது.

திருவொற்றியூர் கிராமத் தெரு, அறிவாக்குளம். 1993-இல் குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பு. ஒரு பிளாக்குக்கு 24 வீடு. ஒரு பிளாக்கில் முந்தைய இரவே விரிசல் தெரிந்தது. காலையில் விரிசல் பெருகவே மக்கள் வெளியே வந்தார்கள், அக்கம்பக்கத்தையும் வெளியே வரவைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் 24 வீடும் சரிந்தன.

ஓர் உயிரும் போகவில்லை. அதிகாரிகளின் எச்சரிக்கைப் பலகை காப்பாற்றவில்லை. சுவரைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண் காப்பாற்றியது. குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் நிவாரணமும் மாற்று வீடும் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டுதான் வாரியம் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று பெயர் மாறியிருந்தது. நகரெங்கும் உள்ள பழைய வாரியக் கட்டடங்களை இடித்துக் கட்டும் பேச்சு அந்தக் காலையிலிருந்து வேகம் பிடித்தது.

இடித்துக் கட்டுவது என்றால் கணக்கு என்ன? பழைய வாரிய வீடுகள் பல 250 சதுர அடிக்கும் குறைவு. இப்போது கட்டுவது ஏறத்தாழ 400. அதே மனையில், அதே குடும்பங்களுக்கு, ஒரு குடும்பம்கூடக் கூடாமல் வீடு கொடுக்கவே ஒன்றரை மடங்குக்கு மேல் தளப்பரப்பு வேண்டும். உயரம் கூடும். லிஃப்ட் வரும். லிஃப்டுக்குக் கரண்டும் பராமரிப்பும் மாதக் காசும் வரும்.

எண்ணை உயர்த்தாவிட்டால் மிச்சக் குடும்பங்கள் வேறு ஊருக்குப் போக வேண்டும். உயர்த்தினால் கூட்டம் கூடாது. இருக்கிற கூட்டம் கால் நீட்டிப் படுக்கும். இந்த நூற்றாண்டில் வடகரைக்கான எஃப்எஸ்ஐ விவாதத்தின் உண்மையான பொருள் இதுதான்.

அதற்குள் ஊரும் மாறத் தொடங்கிவிட்டது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை வந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர் இன்று ஒரு மெட்ரோ நிலையம். ரயில் வந்த இடத்தில் நிலத்தின் விலை பேசப்படும். விலை பேசப்படும் இடத்தில் எண்ணும் பேசப்படும். 2008-இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரை. மூன்றாவது வரப்போகிறது. அதில் மறுபடி மஞ்சளும் ஊதாவும் தீட்டப்படும்.

அப்போது கரையோரத் துண்டுக்கு எந்த எண் எழுதுவார்கள்? ஜனவரி 18-இன் எண்ணா, பிப்ரவரி 4-இன் எண்ணா? முன்னதுதான் என்றால், வடகரைக்காகத் தில்லிக்குப் போய்ப் பின்னதைக் கேட்டு வாங்கப் போவது யார்? அப்படி வாங்கிவந்த எண், பட்டா இல்லாத குப்பத்து வீட்டின் மீது ஏறுமா, மெட்ரோவுக்குப் பக்கத்து மனைமீது மட்டும் ஏறுமா?

(அடுத்த வாரம்: மூன்றாம் முழுமைத் திட்டமும் மணலியின் ஊதா நிறமும்)